கம்ப்யூட்டருக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

எங்கள் வீட்டில் அண்ணன் சிரிக்க வேண்டுமென்றால் அவன் காதில் ஹெட்போன் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் அவனைக் கவிழ்த்துவிட்டது. கூடப் படித்தவர்கள் திருச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். பெரம்பலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அவன் மட்டும் மிஞ்சினான். பேச்சுத்துணைக்கு இருந்தது நேரில் பார்த்தே இராத நான்கு பையன்கள். ஐந்து பேரும் ஒரே அணியாக இன்டர்நெட்டில் துப்பாக்கி விளையாட்டு ஆடுவார்கள். எனக்கு அப்போது பத்து வயது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் உரிமை எனக்கு மட்டும் உண்டு.

அந்தக் கம்ப்யூட்டர் பெரியப்பா ஆபீசில் கழித்துக் கட்டியது. எதிரி கண்ணில் பட்டதும் படம் அப்படியே நின்றுவிடும். மறுபடி அசையும்போது அண்ணன் செத்துக் கிடப்பான். நாலு பேருடைய ஆட்டமும் இவனால் கெட்டது. கடைசியில் அணித் தலைவன் பட்டென்று சொன்னது ஹெட்போனைத் தாண்டி எனக்கே கேட்டது.

"திங்கக்கெழமைக்குள்ள சிஸ்டத்த சரி பண்ணுடா. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்."

அன்றைக்கு அண்ணன் சாப்பிடவில்லை. அப்பா இளகி, ஏதாவது ஒரு சாமான் வாங்கித் தருவதாகவும் எது என்று அவனே சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். பெரம்பலூர் கடைக்காரர் நல்ல மனிதர். "என்னையக் கேக்காதீங்க தம்பி, மெஷினக் கேளுங்க. வெளையாடுறப்ப எது நெறஞ்சு நிக்குதுன்னு பாத்துட்டு வாங்க" என்றார். அண்ணன் பார்த்தான். நினைவகமான ரேம்தான் விளிம்பு வரை நிரம்பி நின்றது. ரேம் போட்டால் போதும் என்றான். அணியின் நாலு பேரும் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டுதான் மாற்ற வேண்டும் என்றார்கள். ஒரு தடவை தோற்றவனுக்குத் தன் கண் மேல் நம்பிக்கை இருப்பதில்லை. மூன்று நாள் அங்கும் இங்கும் அல்லாடினான்.

"இப்புடிக் கெடந்து மருகுறதுக்கு ஆத்தாகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றாள் அம்மா.

கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் வைத்து, விவரம் தெரியாத பிள்ளை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். விவரம் தெரியாத பிள்ளையாக என்னைக் கூட்டிப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் காளி கோயிலில் நல்ல கூட்டம். "என்ன காரியங்க, கல்யாணமா?" என்றார் பூசாரி. "கம்ப்யூட்டருங்க" என்றாள் அம்மா. அவர் முகம் மாறாமல் பொட்டலங்களை வாங்கி வைத்தார். வெள்ளை வந்தால் ரேம், சிவப்பு வந்தால் கார்டு.

கடையில் இரண்டையும் நான் பார்த்திருந்தேன். ரேம் ஒரு பச்சைத் தகடு, என் ஸ்கேல் அளவுகூட இல்லை. கார்டில் இரண்டு ஃபேன், ஓரத்தில் நீல விளக்கு. அதை எரியவிட்டுத் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. அம்மா மடித்த பொட்டலம் ஒன்றில் ஓரம் சரியாக மூடவில்லை. உள்ளே அரளியின் சிவப்பு தெரிந்தது. அதையே எடுத்தேன். சாமி கும்பிடும் பழக்கமே இல்லாத அண்ணன், கண்ணை இறுக மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை கார்டு வந்தது. நீல விளக்கு எரிந்தது, தெருப் பிள்ளைகளும் வந்து பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். படம் முன்பைவிடப் பளிச்சென்று இருந்தது. பளிச்சென்று இருந்தபடியே நின்றது. திங்கட்கிழமை அவன் இடத்தில் வேறொருவன் ஆடினான்.

அப்பா திட்டக்கூட இல்லை. அண்ணன்தான் ஹெட்போனைச் சுருட்டிக்கொண்டே சொன்னான். "ஆத்தாவே கார்டுன்னு சொன்னப்பறம் நான் ரேமுன்னு நெனச்சது தப்புத்தாம்மா. அவ சொன்னதும் எனக்கு ஆவல. எனக்குத்தான் ராசி இல்ல."

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். அம்மா முதுகில் நாலு வைப்பாள் என்று பயம். காளி கண்ணைக் குத்திவிடுவாள் என்று அதைவிடப் பயம். வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, என் படிப்புக்கென்று அப்பா அதே கம்ப்யூட்டரில் ரேம் போட்டார். அந்த விளையாட்டைத் திறந்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். "உன் கைராசி பாப்பா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

வேதியியல் மறுதேர்வை அவன் எழுதவே இல்லை. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் லாரிக்கு எடை போடுகிறான். சட்டைத் துணி எடுக்கக் கூப்பிட்டாலும், பெண் பார்க்கக் கூப்பிட்டாலும், "நீங்களே பாத்துட்டு வாங்க, நான் தொட்டா வெளங்காது" என்கிறான். இன்னும் நான் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்து எந்த முகத்தோடு சொல்வது?

என் தப்பை மறைக்கிறேன் என்றுதான் அன்று நினைத்திருந்தேன். அவன் கண்டது சரி என்பதையும் சேர்த்து மறைக்கிறேன் என்று அந்தப் பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.