பட்டி வைக்காத ஸ்டியரிங்

இது கட்டுக்கதை இல்லை. நெவில் பார்ஜிட்டருக்குப் பொய் சொல்ல வராது. தன் காரைப் பார்க்க வருகிறவர்களிடம், "அந்த போல்ட் அசல் இல்லைங்க, புதுசு" என்று தானே காட்டிக்கொடுக்கிற மனுஷன் அவர். அப்படிப்பட்டவர் பேயை மட்டும் ஜோடித்துச் சொல்வாரா?

இங்கிலாந்தில் டிப்டன் ஊரில், கால்வாய்க்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வீட்டை ஒட்டி கார் ஷெட். உள்ளே 1958-இல் செய்த கறுப்பு நிற நான்கு கதவுக் கார். அதைச் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். ஆறு வருஷமாக அதைப் பிரித்து, தேய்த்து, பூட்டிக்கொண்டிருந்தார். மகள் ஹேலிக்குச் சனிக்கிழமை கல்யாணம். அந்தக் காரில்தான் சர்ச்சுக்குப் போக வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள்.

எல்லாம் முடிந்தது. ஸ்டியரிங் ஒன்றுதான் பாக்கி. பழையது பாளம் பாளமாக வெடித்து, உள்ளே இருக்கும் இரும்பு வளையம் தெரிந்தது. கடைகளில் கிடைத்த நகல்களை நெவில் கையால் தொட்டதும் முகம் சுளித்தார். ஒன்று தடிமன். ஒன்றில் விரல் பதியும் பள்ளங்கள் தப்பான இடத்தில். அவருக்கு அதெல்லாம் அருவருப்பு.

அப்போதுதான் டிரான்டர் கிடைத்தார். அதே ரகக் கார் வைத்திருப்பவர்களின் கிளப்பில் அவரும் ஒருவர். யாரிடமாவது நல்ல அசல் பாகத்தை வாங்கி, அதற்கு அச்சு எடுத்து, பிசின் ஊற்றி நகல் வார்ப்பது அவர் தொழில். ஒரு அசல் ஸ்டியரிங் கிடைத்திருப்பதாக போனில் சொன்னார்.

"மேல கொஞ்சம் குழி குழியா இருக்கு நெவில். பட்டி வச்சு அடைச்சிட்டு அச்சு எடுக்கறேன்."

"ஒரு குழியையும் அடைக்காதய்யா. அசல்ல எது இருக்கோ அது நகல்லயும் இருக்கணும்."

"உன் கிறுக்கு உன்னை விட்டுப் போகாது."

"போகவே வேணாம்."

திங்கட்கிழமை நகல் பார்சலில் வந்தது. நெவில் அன்றே பூட்டினார். பிடித்துப் பார்த்தபோது கட்டைவிரலுக்கு அந்தக் குழிகள் தட்டுப்பட்டன. மேல் வளைவில் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். நடுவில் மட்டும் ஒரு பள்ளத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது. சொன்னபடி செய்திருக்கிறான் மனுஷன் என்று அவருக்குப் பரம சந்தோஷம்.

செவ்வாய் மாலை ஹேலி வந்தாள். ஓட்டிப் பார்க்கிற மாதிரி முன் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். உடனே கையை எடுத்துவிட்டாள்.

"அப்பா, இதை யாரோ கடிச்சு வச்சிருக்காங்க."

"பழைய சாமான்னா அப்படித்தாம்மா இருக்கும்."

"பல்லுப்பா இது. பாருங்க, அடியிலயும் இருக்கு. சீ, ஈரமா வேற இருக்கு."

அவள் உள்ளங்கையைக் கவுனில் துடைத்துக்கொண்டாள். நெவில் குனிந்து பார்த்தார். மேலே ஒரு வரிசை. அடியில் ஒரு வரிசை. பல்தடம்தான். பார்த்த பிறகு வேறு எதுவாகவும் அது தெரியவில்லை. இதைத்தானா நேற்றெல்லாம் தடவித் தடவி ரசித்தோம் என்று தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

புதன் காலை ஷெட்டைத் திறந்தார்.

முதலில் நாற்றம். கால்வாய்ச் சேறும், அழுகிய பாசியும், நெடுநாள் பல் துலக்காத வாயும் கலந்த நாற்றம். ஸ்டியரிங்கின் மேல் வளைவிலிருந்து சீட்டு வரைக்கும் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. பளபளவென்று... கொழகொழவென்று...

எச்சில்.

துணியால் துடைத்தார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். கையை வெந்நீரில் மூன்று தடவை கழுவினார். திரும்பி வந்து பார்த்தால் மற்ற இடமெல்லாம் காய்ந்திருந்தது. குழிகள் மட்டும் ஈரமாக இருந்தன. தொட்டார். வெதுவெதுப்பு.

அன்று மத்தியானம் பன்றித் தோல் வறுவல் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு துண்டில் ரோமம் ஒட்டியிருந்தது. எப்போதும் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தின்கிறவர். அன்று பொட்டலத்தோடு குப்பையில் போட்டார்.

வியாழன். நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். ஷெட்டுப் பக்கம் ஒரு சத்தம்.

கிரிக்...

எலி என்று நினைத்தார்.

கிரிக்... கிரிக்... பல்லால் கொம்பைக் கடிக்கிற சத்தம். இடையில் மூச்சு. மூக்கால் இழுத்து இழுத்து விடுகிற மூச்சு.

கதவைத் திறந்தார். சத்தம் நின்றது.

காருக்குள் யாரும் இல்லை. ஆனால் ஸ்டியரிங் கால் வட்டம் திரும்பியிருந்தது. பல்தடத்திலிருந்து பழுப்பு நிறத்தில் எதுவோ சொட்டிக்கொண்டிருந்தது. ஹேலிக்காகப் புதுத் தோல் போட்டுத் தைத்த சீட்டின் மேல்.

சொட்... சொட்...

நெவில் ஷெட்டு வாசலிலேயே வாந்தி எடுத்தார்.

பிறகு அவருக்குக் கோபம் வந்தது. ஆறு வருஷ உழைப்பு. ஒரே மகள். நாளை மறுநாள் அவள் வெள்ளைக் கவுனோடு இந்த அசிங்கத்துக்குப் பின்னால் உட்கார வேண்டுமா? கையுறை போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைக் கழற்றினார். மேஜையில் பொருத்தியிருந்த வைஸ் இடுக்கியில் இறுக்கினார். ரம்பத்தை எடுத்து, பல்தடம் இருந்த இடத்திலேயே அறுத்தார்.

உள்ளே பிசினும் இரும்பு வளையமும்தான் இருக்க வேண்டும்.

பாதியில் ரம்பம் சிக்கியது. இழுத்தார். பழுப்புத் தண்ணீர் குபுக்கென்று வந்தது. அதே நாற்றம். பிளவை அகட்டிப் பார்த்தார்.

பல்.

முன்பல். நீண்ட வேரோடு. வேரில் ஈறு ஒட்டியிருந்தது. இளஞ்சிவப்பாக... ஈரமாக... சற்று முன் பிடுங்கியது போல.

நெவில் டிரான்டருக்கு போன் செய்தார்.

"அந்த அசல் எங்கேருந்து வந்துச்சு?"

"ஏன், என்னாச்சு?"

"சொல்லுய்யா."

"கால்வாய்ல விழுந்த கார். பாலத்துலேருந்து சறுக்கிடுச்சு. ரொம்ப வருஷம் முன்னாடி. ஓட்டினவன் உள்ளயே போயிட்டான். கை ரெண்டும் கதவைத் தள்ளிக்கிட்டிருந்துச்சாம், வாயால ஸ்டியரிங்கைக் கவ்விப் பிடிச்சிருக்கான். பிரிச்சு எடுக்கவே பெரிய பாடாம்."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சொன்னா வாங்குவியா? ஒரு பல்லு அதுலயே குத்திக்கிட்டு நின்னுச்சு. குறடால பிடுங்கித் தூர எறிஞ்சேன். அதெல்லாம் அச்சு எடுக்கறதுக்கு முன்னாடியே."

நெவில் வைஸைப் பார்த்தார்.

"இன்னொண்ணு நெவில். கோச்சுக்காத. அடைக்காதன்னு நீ சொன்னே, நான் கேக்கல. பல்தடத்தோட எவன் வாங்குவான்? பட்டி வச்சு, தேய்ச்சு, வழவழன்னு ஆக்கித்தான் அச்சு எடுத்தேன். உனக்கு அனுப்பினதுல ஒரு குழி கிடையாது."

நெவில் போனை வைத்துவிட்டார். அறுத்த ஸ்டியரிங்கைப் பல்லோடு தகர டப்பாவில் போட்டு, ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டார். வெள்ளிக்கிழமை முழுக்க சீட்டைக் கழுவினார். வெடித்துப் போன தன் பழைய ஸ்டியரிங்கையே திரும்பப் பூட்டி, வெடிப்புகளுக்குப் பட்டி வைத்து, கறுப்பு அடித்தார். வாழ்க்கையில் முதல் முறையாக, அசலா நகலா என்று அவர் கவலைப்படவில்லை.

சனிக்கிழமை வெயில் அடித்தது. நாற்றம் இல்லை. ஹேலி பின்னால் ஏறினாள். கார் பூப்போலப் போனது. சர்ச்சு வாசலில் இறங்கியபோதுதான் நெவில்லுக்கு மூச்சே வந்தது.

ஹேலி இறங்கவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது. கைக்குட்டையை நீட்டினாள்.

"அப்பா, தாடையைத் துடைங்க."

"என்னம்மா?"

"எச்சில் வழியுது. கால்வாய்ப் பாலத்து மேல ஏன்ப்பா அப்படிப் பண்ணீங்க? எத்தனை தடவை கூப்பிட்டேன். ஸ்டியரிங்கைக் கடிச்சுக்கிட்டே ஓட்டினீங்க."

பாலத்தைத் தாண்டியதே நெவில்லுக்கு நினைவில் இல்லை. தாடை மட்டும் வலித்தது. வாய்க்குள் சேற்றின் ருசி.

கல்யாணம் நடந்தது. மகள் கையை மாப்பிள்ளையிடம் கொடுக்கும்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. விருந்துக்கு எல்லாரும் நடந்தே போகலாம் என்று அடம்பிடித்து அனுப்பிவைத்தார். காரைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொல்லித் தான் மட்டும் பின்தங்கினார்.

ஸ்டியரிங்கின் மேல் வளைவில் நேற்று அடித்த கறுப்பு பெயர்ந்திருந்தது. புதுக் குழிகள். மேலே ஒரு வரிசை, அடியில் ஒரு வரிசை.

தான் கடித்ததுதான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார்.

மேல் வரிசையில், நடுவில், ஒரு பல்லின் இடம் காலியாக இருந்தது.

நெவில் நாக்கால் தன் முன்பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை. எல்லாம் இருந்தன.