திட்டுப் பெயர்

கொல்லிமலைச் சாலையில் மண் சரிந்த அன்று செல்போன்கள் எல்லாம் அடங்கிவிட்டன. தோழிகளோடு மலைக்குப் போன என் மகளைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் அதிகாரிகள் போட்டிருந்த பந்தலில்தான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். நரைத்த தாடி, மடியில் வயர்லெஸ் பெட்டி. ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும், எதிராளி பேச இடம் விடுவதுபோல நிறுத்துவார். நேரில் பேசும்போதும் அப்படித்தான்.

"ஏனுங்க பெரியவரே, உங்க வெளையாட்டுச் சாமானை ஓரமா வெச்சுக்குங்க," என்றார் ஓர் அதிகாரி.

பெட்டியில் 'ஹாம்' என்று எழுதியிருந்தது. மகளின் பெயரை அவரிடம் கொடுத்துவிட்டு, பதற்றம் தாளாமல் அதற்கு அர்த்தம் கேட்டேன்.

"தந்தி காலத்துல, கை தடுமாறுற ஆளை ஆபீஸ்காரங்க திட்டுன பேருங்க." நிறுத்தினார். "ஆசைக்கு ரேடியோ பேசுன எங்களையும் அப்படியே திட்டுனாங்க. நாங்க அதையே பேரா வெச்சுக்கிட்டோம்."

"கோவம் வரலீங்களா?"

அவர் வாய் திறப்பதற்குள் பெட்டி கரகரத்தது. மலைமேலுள்ள ஆலத்தூர் நாட்டு ஊர்களிலிருந்து இன்னொரு ஹாம்.

"உங்க பாப்பா பள்ளிக்கூடத்துல பத்திரமா இருக்குதுங்களாம்."

நான் அழுதுவிட்டேன். அதே அதிகாரி மைக்கைப் பிடித்து, "எங்கள் குழு கண்டறிந்த தகவல்" என்று அறிவித்தார். பிறகு, பார்வையிட வந்த பிரமுகருக்காகப் பெரியவரின் நாற்காலியை எடுத்துப் போனார்கள். அவர் நின்றபடியே மற்றப் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குத்தான் அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.