நாலாவது மாடிக்கு யார் போனது?

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு மெயில் வந்தது. முன்பின் தெரியாத ஆள், ஏதோ வெளிநாடு. 'உங்கள் லாட்ஜில் மூன்றாவது மாடியில் ஒரு நீலக் கதவு. அதைத் திறக்க நீலச் சாவி வேண்டும். அந்தச் சாவி கதவுக்கு உள்ளேயே கிடக்கிறது... நான் எப்படி மேலே போவது?'

செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

என் கிறுக்கு உங்களுக்குத் தெரியும். துப்பாக்கியும் கையுமாகப் பிசாசுகளைச் சுட்டுத் தள்ளும் பழைய கம்ப்யூட்டர் கேம்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றுக்குப் புதுப்புதுக் கட்டடங்களை — 'மேப்' என்பார்கள் — செய்து இணையத்தில் சும்மா போடுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. நாற்பத்தாறு வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காதீர்கள். எங்கள் வலியசாலைத் தெரு முழுக்கக் கேட்டாயிற்று.

தம்பானூரில் பஸ் இறங்கி ஆபீஸுக்கு நடக்கும் வழியில் ஒரு லாட்ஜ். நாலு மாடி. உச்சியில் ரயில் தண்டவாளத்தைப் பார்த்த மாதிரி ஒரு பால்கனி. அதைத்தான் மேப் ஆக்கினேன். இதில் ஒரு சிக்கல்... அந்தக் காலத்து கேமுக்கு ஓர் அறையின் தலைமேல் இன்னோர் அறையை வைக்கத் தெரியாது. அதனால் எல்லா மாடிகளையும் பக்கத்துப் பக்கத்தில் பரப்பிவிட்டு, படி திரும்புகிற இருட்டில் ஆளைச் சத்தமில்லாமல் அடுத்த மாடிக்குத் தூக்கிப்போட வேண்டும். விளையாடுகிறவருக்கு நிஜமாகவே மாடியேறிய மாதிரி இருக்கும். எட்டு மாதம் ஆயிற்று எனக்கு.

வெளியிட்டு ஒன்றரை வருஷம் இருக்கும். அப்போதே என் கணவர், "நாலாவது மாடி பால்கனி இருக்கே... அடாடா! அங்கேயே நின்னுண்டிருந்தேன்" என்றார். ஆபீஸில் பக்கத்து சீட் பிஜு, "சேச்சி, நாலாமத்தெ நில அடிபொளி!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மலையாளத்தில் சொன்னான் — நாலாவது மாடி பிரமாதமாம். பூரித்துப்போனேன். அந்த ஜோரில் இரண்டாவது மேப்பையே ஆரம்பித்தேன்.

இப்போது இந்த மெயில். திறந்து பார்த்தால்... அந்த ஆள் சொன்னது சரி.

தப்பு என்னுடையதுதான். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று கடைசி வாரம் நீலக் கதவைப் பத்தடி முன்னால் இழுத்திருந்தேன். வராந்தாவில் கிடந்த சாவி உள்ளே மாட்டிக்கொண்டது. சோதித்துப் பார்க்கும்போது, எல்லாச் சாவியும் கையில் வந்துவிடுகிற குறுக்குவழிக் கட்டளை ஒன்றைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே நடப்பேன் — மேப் செய்கிறவர்களுக்கே உரிய சோம்பேறித்தனம். எனக்குக் கதவு திறந்தது. வேறு யாருக்கும் திறந்திருக்காது.

அப்படியானால் நாலாவது மாடிக்கு யார் போனது?

சாயங்காலம் காபியை நீட்டிக்கொண்டே கணவரிடம் கேட்டேன்.

"நாலாவது மாடிக்கு எப்படிப் போனேள்?"

"படியேறித்தான்."

"நீலக் கதவு?"

"தொறந்துது."

"சாவி?"

"அங்கதான் எங்கேயோ கெடந்தது... இப்ப எதுக்கு அது?"

மெயிலைக் காட்டினேன். படித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"முதல் மாடிலேயே தலை சுத்தித்து. நிறுத்திட்டேன். உன் சந்தோஷத்துக்குத்தானே சொன்னேன்? அது ஒரு குத்தமா?"

"தலை சுத்தித்துன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பே."

பால்கனி மட்டும் எப்படித் தெரிந்ததாம்? எட்டு மாதம் சாப்பிடும்போதெல்லாம் நான்தானே அதைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன்! என் வார்த்தைகளையே எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பிஜுவிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? கோபத்தைவிட அவமானமாக இருந்தது. ஒருவரும் நுழையாத மாடியை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் பெருமையடித்துத் திரிந்திருக்கிறேன்.

பாராட்டுவதற்கு எதையும் பார்க்க வேண்டியதில்லை. குறை சொல்லத்தான் கதவு வரைக்குமாவது போக வேண்டியிருக்கிறது.

சாவியை வெளியே எடுத்துப் போட இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. புது லிங்க்கை அந்த முகம் தெரியாத ஆளுக்கும், கணவருக்கும், பிஜுவுக்கும் அனுப்பினேன்.

மறுநாள் அந்த ஆள் எழுதியிருந்தார்: 'பால்கனிக் கைப்பிடிச் சுவர் உயரம் அதிகம். தண்டவாளம் தெரியவில்லை.' படித்ததும் அழுகை வந்துவிட்டது. என் பால்கனியில் நின்ற முதல் மனிதர்.

கணவரும் பிஜுவும் முந்தின நாளே, லிங்க் போன ஒரு நிமிஷத்துக்குள், 'சூப்பர்' என்று பதில் போட்டிருந்தார்கள்.

லிங்க்கை இதுவரை எத்தனை பேர் திறந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன்... ஒரே ஒருவர்!