வாயை மோந்த கூட்டாளிகள்

"கை நடுங்கறது பீடி இல்லாததால இல்லடா, மூட்டை ஈரமா இருக்கு," என்றான் சசாங்கன். யாரும் நம்பவில்லை.

சங்கனாச்சேரிச் சந்தையில் நீலச் சட்டை போட்டுச் சுமை இறக்கும் ஆறு பேரில் அவன் ஒருவன். போன மாதம் மகள் ஸ்மிதாவுக்குப் பெண் குழந்தை. இருபத்தெட்டாம் நாள் தாத்தாதான் மடியில் வைத்துக் காதில் பேர் சொல்ல வேண்டும். ஸ்மிதா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "பீடி வாயோட என் புள்ள காதுகிட்ட வராதீங்க அச்சா. அவரோட அப்பா சொல்லட்டும்."

சம்பந்தியா? சசாங்கனுக்கு நெஞ்சு எரிந்தது.

"நீ தனியா விட்டா மூணே நாள்தான்," என்று அன்றைக்கே சொன்னார் கூட்டத்தில் மூத்தவரான, அறுபதைத் தொட்ட பாப்பச்சன். "நாங்களும் விடறோம்."

ஆறு பேரும் விட்டார்கள். மூட்டையைத் தானே தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. இரண்டு பேர் தூக்கி வைக்க வேண்டும். வைக்கும்போது மூஞ்சியும் மூஞ்சியும் ஒட்டும். பீடி வாடையை ஒளிக்க வழியில்லை.

குழந்தை பிறந்த இருபதாம் நாள் சசாங்கன் கிடங்குக்குப் பின்னால் போய்ப் பாதி பீடி இழுத்தான். இரண்டு ஏலக்காயை மென்றுவிட்டு வந்து குனிந்தான். மூட்டையைத் தூக்கிய கூட்டாளி ஷிஹாப் அப்படியே கீழே வைத்துவிட்டான்.

"ஏலக்காய் வாசனை பிரமாதம் சேட்டா. பாயசம் எங்க?"

யாரும் சிரிக்கவில்லை. மூட்டையையும் தூக்கவில்லை. லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். பாப்பச்சன் தலைக்கட்டை அவிழ்த்து உதறினார். அவர் விரல்களும் நடுங்கின.

"எனக்கு நாப்பது வருஷப் பழக்கம்டா. கக்கூஸ் கூட ஒழுங்கா போகல. அவ என்ன என் பேத்தியா?"

சசாங்கன் மடியிலிருந்த பீடிக்கட்டை எடுத்து சந்தையோரச் சாக்கடையில் போட்டான். தீப்பெட்டியும் கூடவே போயிற்று. பிறகு குனிந்தான். ஷிஹாப்பும் பாப்பச்சனும் மூட்டையைத் தூக்கி வைத்தார்கள்.

இருபத்தெட்டாம் நாள் காலை. சசாங்கன் மடியில் கிடந்த பேத்தியின் ஒரு காதை வெற்றிலையால் மூடி, மறு காதில் மூன்று முறை "நிவேதிதா" என்றான். குழந்தை காலை உதைத்துக் கொட்டாவி விட்டது. என்ன அழகு அந்தக் கொட்டாவி! பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்ட ஸ்மிதா, "இனிமே ஒண்ணு ரெண்டு இழுப்பீங்கதானே அச்சா?" என்று சீண்டினாள்.

"பாப்பச்சன் சேட்டன் நாப்பது வருஷப் பழக்கத்த விட்டிருக்காரு மோளே," என்றான் சசாங்கன். "நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பத்த வைப்பேன்?"