நைனா பார்க்காத புத்தர்

இரவு ஷிப்ட் முடித்து வந்த மனிதர் படுத்துத் தூங்கியிருக்கலாம். நைனா தூங்கவில்லை. குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எங்களைக் காஞ்சிபுரத்துக்குக் கிளப்பினார். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு மூன்று. இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இதெல்லாம் தேவையா என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா எலுமிச்சைச் சோறு கட்டினாள்.

நாங்கள் பௌத்தத்துக்கு மாறி ஒரு வருடம் ஆகியிருந்தது. எர்ணாவூர் குடியிருப்பில் எங்களோடு சேர்த்து நாலு குடும்பங்கள். டிவி மேல் ஒரு வெள்ளை சிமெண்ட் புத்தர் உட்கார்ந்திருந்தார். கடையில் புதிதாக வாங்கியவர். நைனாவுக்கு அவர் போதவில்லை. காஞ்சிபுரத்தில் ஆயிரம் வருடத்துப் புத்தரெல்லாம் இருக்கிறார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஒருவருக்கு எதிரே உட்கார்ந்து, புத்தம், தம்மம், சங்கம் என்கிற மூன்று சரணத்தையும் மூன்று முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. பாலி மொழி அவர் நாக்குக்கு வளையவில்லை. கண்டெய்னர் யார்டிலிருந்து வந்து, என் நோட்டைப் பார்த்து மூன்று மாதம் மனப்பாடம் செய்தார். எனக்கு இரண்டே நாளில் வந்துவிட்டது. அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

கத்திவாக்கத்தில் ஏறி, பீச் ஸ்டேஷனில் வண்டி மாறி, காஞ்சிபுரத்தில் இறங்கும்போது வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. எலுமிச்சைச் சோறு செங்கல்பட்டிலேயே தீர்ந்திருந்தது. நைனா சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். அதில் மூன்று இடங்கள் எழுதியிருந்தன.

முதல் புத்தர் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கேட்டுக்குப் பூட்டு. கம்பி வழியாக எட்டிப் பார்த்ததில் சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைதான் தெரிந்தது. இரண்டாவது புத்தரைத் தேடி, பட்டுப்புடவை வேண்டுமா என்று கூப்பிடுகிறவர்களையெல்லாம் தாண்டி ஒரு மணி நேரம் நடந்தோம். கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் சிரித்தார். “அவர மெட்ராஸ் மியூசியத்துக்கு எடுத்துனு போயி ரொம்ப நாளாச்சே. நீங்க அங்கேர்ந்துதான வர்றீங்க?”

காலையில் நாங்கள் வந்த ரயில் அந்த மியூசியம் இருக்கிற எழும்பூரைத் தாண்டித்தான் வந்தது. அம்மா தம்பியை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

மூன்றாவது புத்தர் இருந்தார். ஆனால் ஓர் அம்மன் கோயிலின் பின்பக்கத்தில், மரத்தடியில் இருந்தார். கோபுர வாசலைத் தவிர வேறு வழி கிடையாது என்று பூக்காரம்மா சொன்னாள். நைனா படிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“நீங்க போயிட்டு வாங்க. மாறினப்பவே நான் உறுதிமொழி எடுத்துகீறேன், கோயிலுக்குள்ள வரமாட்டேன்.”

“சாமி கும்பிடமாட்டேன்னுதான எடுத்த? படி ஏறமாட்டேன்னா எடுத்த? இம்மாந்தூரம் வந்துட்டு வாசல்ல நிக்கிறியே. கண்ண மூடிகினு வா, அம்மன் பக்கம் திரும்பாத” என்றாள் அம்மா.

அவர் அசையவில்லை. கல்லின் மேல் உட்கார்ந்து எங்கள் செருப்புகளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “உனக்குதான் நல்லா வருதே, எனக்கும் சேத்து சொல்லிட்டு வா. மூணு தபாவும் சொல்லணும், இன்னா?” என்றார்.

உள்ளே போனதும் அம்மா தம்பியோடு ஒரு தூணில் சாய்ந்தாள். சாய்ந்ததும் தூங்கிவிட்டாள். நான் தனியாகப் பின்பக்கம் போனேன். மரத்தடியில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கருங்கல் புத்தர். மூக்கு தேய்ந்திருந்தது. நெற்றியில் யாரோ விபூதி பூசி, குங்குமமும் வைத்திருந்தார்கள். காய்ச்சல் வந்த குழந்தைகளோடு இந்த முனியைச் சுற்றினால் குணமாகும் என்று விளக்கேற்றிக்கொண்டிருந்த ஓர் அக்கா எனக்கு விளக்கினாள். தரை சுட்டது. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டு முதல் சரணத்தைச் சொன்னேன். அப்போதுதான் மண்டபத்தில் பொங்கல் கொடுக்கிற வரிசை கண்ணில் பட்டது. குண்டானில் கரண்டி அடி தட்டுகிற சத்தமும் கேட்டது.

மீதியை நான் சொல்லவில்லை. மூன்று மாதம் ஒரு மனிதர் பாடுபட்டுப் படித்ததை ஒரு தொன்னைப் பொங்கலுக்காக விட்டுவிட்டு ஓடினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கமே இல்லை, பசிதான் இருந்தது.

தொன்னையோடு வெளியே வந்தபோது நைனா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“மூணு தபாவும்?”

“மூணு தபாவும்.”

“எப்டி கீறாரு?”

“நம்ம வூட்ல கீற மாதிரியேதான், நைனா.”

பொய் சொல்லிவிட்டுப் பொங்கலைத் தின்ன ஆரம்பித்தேன். அவர் புத்தரைப் பற்றி இன்னும் கேட்பார் என்று பயந்தேன். அவர் கேட்டது வேறு.

“உள்ள உன்ன யாராவது இன்னா ஏரியா, யாரு வூட்டுப் பொண்ணுன்னு கேட்டாங்களா?”

“இல்லியே.”

“நிறுத்தினாங்களா?”

“இல்ல நைனா.”

பத்து வயதில் ஊரைவிட்டு வந்தவர் அவர். அந்த ஊர்ப் பேச்சை எங்களிடம் ஒருநாளும் எடுத்ததில்லை. அங்கே ஒரு கோயில் இருந்ததா, அதன் வாசலில் அவருக்கு என்ன நடந்தது என்றெல்லாம் கேட்க எனக்குத் தெரியாது. உறுதிமொழிக்காகத்தான் வெளியே நின்றார் என்று நம்பினேன்.

அவர் தொன்னையைக் காட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இத்த மேலேர்ந்து போட்டாங்களா, உன் கையில வெச்சி குடுத்தாங்களா?”

“கையில வெச்சிதான்.”

“கை பட்டுச்சா?”

ஒரு தொன்னைப் பொங்கலுக்கு இத்தனை கேள்வியா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வாய் நிறைய இருந்ததால் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.