இரவல் சீலை

உலக யுத்தம் முடிந்த வருடம் அது. கொட்டாஞ்சேனை மாதா கோயிலில் ஏழைகளுக்குப் பால்மா பங்கிடும் வேலையில் நானும் ஒருவன். அதை அனுப்பிய வெளிநாட்டுக் கத்தோலிக்கச் சங்கம், வாங்குபவர்களின் படங்களைக் கேட்டு எழுதியிருந்தது. படம் எடுப்பது என் பொறுப்பு.

துறைமுகத்தில் மூட்டை சுமந்த கணவனை இழந்த திரேசம்மா, படத்துக்காகச் சீலையைத் துவைத்துக் கஞ்சி போட்டு உடுத்தி வந்தார். காலையிலிருந்து வரிசையோடு மல்லுக்கட்டிக் களைத்திருந்த எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"இப்பிடி வந்து நிண்டா ஆர் உதவி செய்வினம்? போய்க் கிழிஞ்சது ஒண்டை உடுத்திக்கொண்டு வாங்கோ."

போனவர், அரை மணித்தியாலத்தில் தோளில் கிழிந்த சீலையோடு திரும்பினார்.

"கெதியா எடுங்கோ ஐயா. பக்கத்து வீட்டில இரவல் வாங்கினது, உடன திருப்பிக் குடுக்கோணும். என்னட்ட இருக்கிறது முதல் உடுத்தி வந்த அந்த ஒண்டுதான்."

கமராவை இறக்கி வைத்திருக்கலாம். எடுத்தேன்.

சில மாதங்களில் பால்மா கூடுதலாக வந்தது. அந்தப் படம் சங்கத்தாரின் மனதை உருக்கியதாம். பங்குச் சுவாமியார் என்னைப் பாராட்டினார். திரேசம்மா அதே கஞ்சி போட்ட சீலையில் வந்து பாத்திரத்தை நீட்டினார். நான் நிமிராமல் அளந்து போட்டேன்.

படத்திலிருந்த சீலை இரவல் என்று அந்தச் சங்கத்துக்கு நான் எழுதவே இல்லை. அடுத்த முறையும் அவர்கள் படம் கேட்டார்கள்.