காலித் வேண்டாமென்ற வருஷம்

தாராவியில் காலித்தைத் தெரியாதவர்கள் குறைவு. கைப்பை, தோள்பை, லேப்டாப் பை என்று தோலில் எதைக் கேட்டாலும் தைத்துக் கொடுக்கும் பட்டறை அவனுடையது. பேச்சில் சூரன். குறை கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவர்கள் போல வெளிநாட்டு வியாபாரிகள் வந்து ஒவ்வொரு தையலாக நோண்டினாலும், சாயா வாங்கிக் கொடுத்துப் பேசியே சரிக்கட்டி அனுப்பிவிடுவான். ஆனால் பள்ளிக்கூடம் என்று யாராவது பேச்செடுத்தால் மட்டும் வாய் அடைத்துப்போகும். எழுந்துபோய் இல்லாத வேலையைத் தேடிக்கொண்டிருப்பான்.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. ஆறாம் வகுப்பில் அவன் இரண்டு தடவை தோற்றவன். அவன் படித்த முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் தேறியவர்களின் பெயரை எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். பெயர் வராதவர்கள் சுவரோரமாகப் போய் நிற்க வேண்டும். முதல் தடவை கூட நிற்க நாலைந்து பேர் இருந்தார்கள். இரண்டாம் தடவை அவன் மட்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். அந்த ஜூனில் அவன் தம்பி ராஹில் ஐந்தாவது தேறி அதே வகுப்புக்கு வந்து, அதே பெஞ்சில், பக்கத்தில் உட்கார்ந்தான் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. வாப்பா கரீம் பாட்சா சும்மா இருந்தாரா? சந்தில் போகிறவரை வருகிறவரை எல்லாம் நிறுத்தி, "எங்க வீட்ல காக்காவும் தம்பியும் ஒரே கிளாஸு. ரெட்டப்புள்ள பெத்தாப்ல இருக்கு" என்று சொல்லி, அவரே சிரித்தும் கொள்வார். மழைக்காலம் முடிவதற்குள் காலித் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு தோல் பட்டறையில் பசை தடவ உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் தோற்றதாகக் கேள்வி இல்லை. பசை தடவியவன் வெட்டினான், தைத்தான், சொந்தப் பட்டறை வைத்தான், செம்பூரில் லிஃப்ட் வைத்த கட்டிடத்தில் வீடு வாங்கினான். கட்டினால் படித்த பெண்ணைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்று, பி.காம். முடித்த சஃப்ரீனைக் கட்டினான். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தாள் பரீஹா. ஒரே பிள்ளை. அவள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கப் போகிறாள் என்பதை, அவள் குப்புற விழுவதற்கு முன்பே காலித் யோசிக்கத் தொடங்கிவிட்டான்.

பட்டறை மித்தி ஆற்றுக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டிடங்கள். அவற்றுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளி இருப்பதை அவனிடம் சொன்னது, பை வாங்க வரும் ஒரு ஜெர்மன்காரர். ஜெர்மனும் ஆங்கிலமும் சேர்த்துச் சொல்லித்தரும் ஆரம்பப் பள்ளி. அறைக்கு இரண்டு டீச்சர்கள். ஒருவர் ஜெர்மனைத் தவிர வேறு பேசமாட்டார், இன்னொருவர் ஆங்கிலத்தைத் தவிர வேறு பேசமாட்டார். பிள்ளைகள் இருவருக்கும் நடுவே ஓடி ஓடி இரண்டையும் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். பரீஹா பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷத்துக்குள் பொம்மையிடம் ஜெர்மனில் கொஞ்சுவாள், கீழ்வீட்டுப் பையனோடு ஹிந்தியில் சண்டை போடுவாள், பசி வந்தால் மட்டும் தமிழில் அழுவாள். பட்டறைக்கு அவளை அழைத்துவந்து, "ஜெர்மன்ல ஏதாச்சும் பேசும்மா" என்று கேட்டு, அவள் பேசுவதைத் தையல்காரர்கள் வாயைப் பிளந்து பார்ப்பதைக் காலித் பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த நேரம் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில் உட்காரும். இரண்டு வருஷம் போதுமான பிள்ளை இரண்டு வருஷத்தில் மூன்றாம் வகுப்புக்குப் போகும். இன்னும் கொஞ்சம் நாள் வேண்டிய பிள்ளை மூன்று வருஷம் இருந்துவிட்டுப் போகும். செருப்பு அளவு மாதிரி, காலுக்கு எது சரியோ அது. அதைப் பற்றி அங்கே யாரும் மூக்கின் மேல் விரல் வைப்பதில்லை. பரீஹாவைச் சேர்க்கும்போதே காலித்திடம் இதைச் சொல்லித்தான் சேர்த்தார்கள். ஆனால் அடுத்தவன் பிள்ளைக்கான விஷயம் என்று அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் வருஷம் முடியப்போகிற மே மாதம், பிள்ளைகள் ஃப்ராவ் கெர்னர் என்று கூப்பிடும் ஜெர்மன் டீச்சர், காலித்தையும் சஃப்ரீனையும் வரச்சொன்னார். பரீஹாவும் கூட உட்கார்ந்திருந்தாள். டீச்சர் நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார்: பரீஹா நன்றாகப் பேசுகிறாள், கதை சொல்லுகிறாள். ஆனால் எழுத்து இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை. வகுப்பிலேயே வயதில் இளையவளும் அவள்தான். இன்னொரு வருஷம் இதே அறையில் இருந்தால் தானாக வந்துவிடும். புதிதாக வரும் பிள்ளை ஒன்றுக்கு அவள் துணையாகவும் இருக்கலாம்.

பரீஹாவுக்கு இது முன்பே தெரியும். நாற்காலியில் உட்கார முடியாமல் குதித்தாள். "வாப்பா, எனக்கு ஒரு சின்ன பாப்பா குடுப்பாங்க! நான்தான் அதுக்கு எல்லாம் காட்டணும். பேக் எங்க மாட்டணும், டாய்லெட் எங்க, எல்லாம்!"

காலித் காதில் விழுந்தது 'இன்னொரு வருஷம்' மட்டும்தான். வியாபாரத்தில் எத்தனையோ பேரிடம் 'முடியாது' கேட்டவன், ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, "நோ மேடம். ஷீ வில் கோ தேர்ட்" என்றான். டீச்சர் மறுபடியும் விளக்கினார். அவன் மறுபடியும் அதையே சொன்னான். பெற்றோர் ஒப்புக்கொள்ளாமல் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை, இரண்டு நாள் யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பினார் டீச்சர்.

வண்டியில் ஏறியதும் சஃப்ரீன் ஆரம்பித்தாள். "அவுங்க சொல்லுதது புரியுதா இல்லியா உங்களுக்கு? இது ஃபெயில் இல்லங்க. புள்ளைக்கு எழுத்து வரல. அது வரட்டும்னு சொல்லுதாங்க. அவளே ஆசையா இருக்கா."

"என்ன பேரு வச்சா என்ன? மத்த புள்ளைய எல்லாம் மேல போவும், இவ மட்டும் கீழ கெடப்பா. பாண்டுப்புல எங்க ராத்தா கேட்டா என்ன சொல்லுவ? ராஹில் கேட்டா என்ன சொல்லுவ?"

"கேக்கவங்களுக்கா புள்ளையப் படிக்க வைக்கோம்?"

சயான் சிக்னலில் வண்டி மாட்டிக்கொண்டது. பின் இருக்கையில் பரீஹா, "ஆனா எனக்கு இருக்கணும் வாப்பா" என்று முனகினாள். அவ்வளவுதான். காலித் திரும்பிப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தான். மனைவிக்குக்கூட முழுதாகச் சொல்லாததை எல்லாம் அந்த ஏழு வயதுப் பிள்ளையிடம் கொட்டினான். சுவரோரம் நின்றதை, தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்ததை, தெருப்பிள்ளைகள் 'ஃபெயிலு, ஃபெயிலு' என்று பின்னாலேயே ஓடி வந்ததை, வாப்பா சிரித்ததை. "இதுக்குப் பேருதான் ஃபெயிலு. ஒரு தடவ ஆயிட்டா சாவுற வரைக்கும் போவாது. எனக்கு ஆனது உனக்கு ஆவக் கூடாது, புரியுதா?" சொல்லும்போது அவன் கண் கலங்கிவிட்டது. அன்பில்தான் சொன்னான், அதில் சந்தேகமே வேண்டாம். சில பேர் அன்பை வைத்துக்கொண்டு செய்கிற காரியத்தை எதிரிகூடச் செய்யமாட்டான்.

பரீஹா கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சின்ன பாப்பாவைப் பற்றி அதற்கப்புறம் அவள் வாயே திறக்கவில்லை.

மூன்றாம் வகுப்பு என்று முடிவானதும் காலித் பட்டறையில் எல்லாருக்கும் மிட்டாய்ப் பெட்டி கொடுத்தான். பாண்டுப்பில் இருக்கும் அக்காள் மதீனா பீவிக்கு அவனே ஃபோன் போட்டுச் சொன்னான். "மாஷா அல்லாஹ், உன்ன மாதிரி இல்லாம புள்ள நல்லா வரட்டும்" என்று அவள் துஆ செய்தாள். அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

ஆகஸ்டில் புது வகுப்பு தொடங்கியது. அங்கே கதை சொல்லுகிற வேலை குறைவு, படித்து எழுதுகிற வேலை அதிகம். செப்டம்பரிலிருந்து பரீஹாவுக்குக் காலையில் வயிற்றுவலி. டாக்டரிடம் காட்டினால் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். சனி ஞாயிறு வலி வராது. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்து கிடந்தது. பொம்மை கட்டிலுக்கடியில் கிடந்தது, அதோடு பேச ஆளில்லை. சஃப்ரீன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "புள்ள சிரிச்சு எத்தன நாளாச்சுன்னு பாத்தீங்களா?" என்றாள். "டியூஷன் வச்சா சரியாப் போவும்" என்றான் காலித்.

மாட்டுங்காவிலிருந்து வைத்தீஸ்வரன் என்பவர் வந்தார். ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் எஞ்சினியர்களுக்கு மொழி சொல்லித்தருகிறவர். அவர் ஒரு பக்கத்தை இரண்டு தடவை வாசித்துக் காட்டினால் போதும், பரீஹா கடகடவென்று சொல்லிவிடுவாள். காலித்துக்குத் தலைகால் புரியவில்லை. பாத்தியா, பாத்தியா என்று மனைவியை இடித்தான். வைத்தீஸ்வரன் ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பிவைத்தார். அவள் விரலை வைத்துக்கொண்டு பழைய பக்கத்தையே கடகடவென்று சொன்னாள்.

"கொழந்தைக்கு பாஷை நன்னா தெரியறது சார். காதால எல்லாத்தையும் பிடிச்சுக்கறா. எழுத்துதான் வரலை" என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே. "நான் பெரியவாளுக்குச் சொல்லித் தரவன். இது எனக்குத் தெரியாத வேலை. ஸ்கூல்ல என்ன சொல்றாளோ அதைக் கேளுங்கோ." அத்தோடு அவர் வரவில்லை. வேறு ஆள் பார்க்கலாம் என்றான் காலித்.

டிசம்பரில், பெற்றோர் வந்து வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பார்க்கிற நாள் வந்தது. காலித் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனான். பிள்ளைகள் எல்லாரும் புத்தகத்தை விரித்துவைத்து ஒன்றாக வாசித்தார்கள். பரீஹாவும் வாசித்தாள். முதலில் காலித்துக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் கவனித்தான். அவள் கண் புத்தகத்தில் இல்லை. பக்கத்துப் பெண்ணின் வாயில் இருந்தது. அந்த வாய் அசைந்து ஒரு நொடி கழித்து இவள் உதடு அசைந்தது. அது முடிந்ததும் இவளும் முடித்தாள். அந்தப் பெண் பக்கம் திருப்பியதும் இவளும் திருப்பினாள்.

அந்த வித்தையில் காலித் பழம் தின்று கொட்டை போட்டவன். ராஹிலின் வாயைப் பார்த்து அப்படித்தான் அவனும் வாசித்தான். எந்த நேரம் மாட்டிக்கொள்வோமோ என்று வயிறு கலங்கிக்கொண்டே இருக்கும் என்பது அவனுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தினமும் காலையில் வலிக்கிற வயிறு எந்த வயிறு என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வகுப்பு முடிந்ததும் சஃப்ரீனையும் இழுத்துக்கொண்டு நேரே ஃப்ராவ் கெர்னரிடம் போனான். அதே குட்டி நாற்காலி. "மேடம், ஐ மேட் மிஸ்டேக்" என்றான். "அந்த ஒரு வருஷத்தை என் பிள்ளைக்குத் திரும்பக் கொடுங்கள்" என்று ஆங்கிலமும் ஹிந்தியுமாகக் கெஞ்சினான். பெரிய மனிதன் அழுதுவிடுவான் போலிருந்ததைப் பார்த்து டீச்சர் அவன் கையைத் தொட்டார். ஜனவரியில் திரும்ப அழைத்துக்கொள்ளலாம், அவள் உட்கார்ந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை என்றார். ஆனால் அவளைக் கேட்காமல் செய்யமாட்டோம், அவளுக்கு விருப்பம் இருக்க வேண்டும் என்றார். காலித்துக்கு உயிர் வந்தது. அவளுக்கா விருப்பமில்லாமல் போகும்?

பரீஹா வந்தாள். வாப்பா, உம்மா, டீச்சர் மூவரும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுமே அவள் முகம் வெளுத்துவிட்டது.

"பரீம்மா, பழைய கிளாஸுக்கே போயிரலாமா? சின்ன பாப்பா இருக்கும், நீதான் அதுக்கு..." என்றான் காலித்.

அவள் ஒரே ஓட்டமாக வந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் வாப்பா! நான் படிப்பேன் வாப்பா. ப்ராமிஸ். எல்லாம் படிச்சிருவேன். ராஹில் சாச்சாட்ட சொல்லாதீங்க வாப்பா, ப்ளீஸ்."

"இது அது இல்லம்மா. வாப்பா அன்னைக்குத் தெரியாம சொல்லிட்டேன். இதுல ஒண்ணுமே இல்ல."

அவள் நம்பவில்லை. அவனை விட்டுவிட்டு டீச்சர் பக்கம் திரும்பி, அழுதுகொண்டே ஜெர்மனில் மடமடவென்று பேசினாள். என்ன அழகான ஜெர்மன்! பட்டறையில் தையல்காரர்கள் வாயைப் பிளந்து கேட்ட அதே ஜெர்மன். காலித்துக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. நடுநடுவே வந்த 'ஃபெயில்' மட்டும் புரிந்தது. அது மூன்று தடவையோ நான்கு தடவையோ வந்தது.

டீச்சர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு காலித்தைப் பார்த்தார். "இந்த அறையில் நாங்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இவளிடம் யார் சொன்னது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். சஃப்ரீன் தரையைப் பார்த்தாள். காலித், "நான்தான்" என்று தமிழில் சொன்னான்.

இப்படி அழுகிற பிள்ளையை இழுத்துவர முடியாது, கொஞ்ச நாள் போகட்டும், மெல்லப் பேசிப் பார்ப்போம் என்றார் டீச்சர். மெல்லப் பேசினால் போய்விடக்கூடியதா அது என்று காலித் கேட்கவில்லை. தனக்கு அது இத்தனை வருஷமாகப் போகவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

மூன்றாம் வகுப்பிலேயே இருக்கலாம் என்று டீச்சர் ஜெர்மனில் சொன்னதும் பரீஹா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாப்பாதான் பேசி எப்படியோ தன்னைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "தேங்க் யூ வாப்பா" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். பிறகு மணி அடிக்கப் போகிறதென்று மூன்றாம் வகுப்புக்கு ஓடினாள்.